இருபது ஆம்பியர்

வேலந்தாவளத்தில் கரண்ட் போனால்
செக்போஸ்டுக்கு அப்பால் டீக்கடையில் டியூப்லைட் எரியும்.
இரண்டு மின்வாரியம், ஒரே தார்ச்சாலை.
இந்தப் பக்கம் என் கடை.
எரிந்த பம்புசெட்டைத் திறந்தால்
எத்தனை நாள் லோ வோல்டேஜில் ஓட்டினார்கள் என்று
மூக்கே சொல்லிவிடும் எனக்கு.

தம்பி இன்னாசி விமானம் கட்டினான்.
தென்னந்தோப்புக் கொட்டகையில் மூன்று வருஷம்,
மாருதி வேன் இன்ஜினும் அலுமினியத் தகடும்
என் சங்கிலியின் அடகுச் சீட்டும் சேர்த்து.

எடை, எடை என்றே சாவான்.
கார் ஆல்டர்னேட்டர் கனம் என்று கழற்றிவிட்டு
டிராக்டர் டைனமோவை மாட்டினான்.
இருபது ஆம்பியர்,
அதுவும் இன்ஜின் முழு வேகத்தில் சுற்றினால்.

கணக்கு என்னிடம் வந்தது.
பெட்ரோல் பம்பு நாலு. காயிலும் கம்ப்யூட்டரும் ஆறு.
இந்தப் பத்து இல்லையென்றால் இன்ஜின் நின்றுவிடும்,
ஆகவே அது சோறு.
மீதியெல்லாம் தொடுகறி.
இறங்கும் விளக்குக்கு எட்டு என்றான்;
எல்.ஈ.டி. வாங்கு, மூன்று போதும் என்றேன்.
இறக்கை நுனியில் மினுக்க வேண்டுமாம்,
மேப்புக்கு டேப்லெட், போன் சார்ஜர்,
முகத்துக்கு நேரே குட்டி ஃபேன்.
ஏண்டா, மேலே காற்றே இல்லையா?

பதினாறைத் தாண்டாதே என்று பென்சிலால் கோடு போட்டேன்.
அக்கா, இருபது இருக்கே.
இருக்கே என்றவர்களின் மோட்டார்தான்டா
கருகிப்போய் இந்தக் கடைக்கு வருகிறது.

மாசியில் ஒரு சாயங்காலம்
ஒற்றப்பாலத்துக்கு மேலேயிருந்து கூப்பிட்டான்.
ஆற்றைப் பற்றி, மணலைப் பற்றி,
ஒரு கல்யாண மண்டபத்தின் கூரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவன்
நடுவில் நிறுத்தி,
"சிவப்பு லைட்டு எரியுதுக்கா."

டைனமோ தருவது நின்றுவிட்டது.
இனி பாட்டரியில் இருப்பதுதான்.
மேலே எழுதியிருப்பது பதினெட்டு. பழசு.
ஒன்பது என்று வைத்துக்கொண்டேன்.
பதினாறால் வகுத்தால் முப்பத்துநாலு நிமிஷம்.
கணவாய்க் காற்று எதிரே அடிக்க, வீடு சேர நாற்பது.

ஃபேனை அணை. டேப்லெட்டை அணை.
மினுக்குவதை அணை, யாரும் பார்க்கப்போவதில்லை.
ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா" என்றான்,
ஒவ்வொரு சரிக்காவுக்கும் கரண்ட் செலவாயிற்று.
ரேடியோவில் கேட்டால் கால் ஆம்பியர்,
பேசினால் இரண்டு.

இன்னாசி, பேசாதே.
கேட்டுக்கொண்டு மட்டும் வா.
கேட்கிறதென்றால் பட்டனை ஒரு தடவை தட்டு.

டிக்.

தொட்டிலில்கூட வாய் ஓயாதவன்.
அவனுக்குப் பதிலாக நான் பேச வேண்டியதாயிற்று.
செம்புக் கம்பி விலை ஏறியதை,
மீனாட்சிபுரத்துக்காரர் பாக்கி வைத்ததை,
பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை.
என்னிடம் இவ்வளவு பேச்சு இருந்ததா?
இடையிடையே டிக்.
ஒரு முறை இரண்டு நிமிஷம் டிக் இல்லை.
அப்போதும் பேசினேன்.

இருட்டிக்கொண்டு வரும்போது எங்கள் பக்கம் கரண்ட் போயிற்று.
தோப்பு, களம், ஓடுபாதை எல்லாம் ஒரே கறுப்பு.
அந்தப் பக்கம் பளிச்சென்று தமிழ்நாடு.
சட்டென்று புரிந்தது, மேலேயிருந்து
எல்லை இப்போது கோடு போட்டாற்போல் தெரியும்.
வெளிச்சம் எங்கே தொடங்குகிறதோ
அதற்கு ஒரு பர்லாங் முன்னால், இருட்டில் இறங்கு.
விளக்கைக் கடைசி நிமிஷத்துக்கு வைத்துக்கொள்.

டிக்.

தென்னைகளுக்கு மேல் மூன்று ஆம்பியர் வெளிச்சம்
கஞ்சத்தனமாய் எரிந்து தரையைத் தேடியது.

இறங்கியபின் மீட்டரில் பத்தே முக்கால் வோல்ட்.
டார்ச் பிடித்துத் திறந்து பார்த்தேன்.
டைனமோவில் ஒரு குறையும் இல்லை.
ரெகுலேட்டருக்குப் போகும் மஞ்சள் வயர்
லக்கோடு அறுந்து தொங்கியது.
நான் அழுத்திய லக்.

அவனிடம் சொன்னேன்.
நாற்பது நிமிஷப் பேச்சு பாக்கி வைத்திருந்தவன்
வாய் திறக்கவில்லை.
இறக்கைத் தகட்டில் விரலால் ஒரு தடவை தட்டிவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனான்.